அளக்காமல் ஏற்ற பொதி

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகலில் இங்கிலாந்தின் பல வைத்தியசாலைகளில் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. நோயாளரின் குறிப்பேட்டைத் திறக்க முயன்ற வைத்தியர்கள் திரையிலே சிவப்பு நிறத்தில் ஓர் அறிவித்தலைக் கண்டனர். கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன என்றும், அவற்றைத் திறப்பதற்கு 300 அமெரிக்க டொலர் பெறுமதியான பிட்கொயின் நாணயத்தைக் கப்பமாகச் செலுத்த வேண்டும் என்றும், மூன்று நாட்கள் கடந்தால் அத்தொகை இரட்டிக்கும் என்றும், ஏழு நாட்கள் கடந்தால் கோப்புகள் என்றுமே கிடையா என்றும் அவ்வறிவித்தல் கூறிற்று. மாலை நான்கு மணிக்குப் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை பாரிய அனர்த்த நிலையைப் பிரகடனஞ் செய்தது. ஐந்து பகுதிகளில், விபத்துக்குள்ளானோரும் அவசர நோயாளரும் தத்தம் அண்மையிலுள்ள வைத்தியசாலையைக் கடந்து தூரத்து வைத்தியசாலைகளுக்குச் செல்ல நேர்ந்தது. எழுதுகோலும் தாளும் மீண்டும் வைத்தியசாலைகளின் கருவிகளாயின.

இத்துணைத் துன்பத்துக்கும் வழிவிட்ட வாயில் யாது என ஆராய்ந்தோர் கண்டது மிகச் சிறியதொரு பிழையே. கணினி நிரலொன்றில் ஓர் எண்ணைத் திருத்த வேண்டிய இடத்தில் அதன் ஒரு பாதி திருத்தப்பட்டது. மறு பாதி திருத்தப்படவில்லை. அவ்வளவுதான். ஆயினும் அந்தப் பிழை தனித்துத் தோன்றியதன்று. அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. பிறர் அனுப்பும் பொதியின் அளவைத் தானே சரிபார்த்து ஏற்க வேண்டிய காப்பாளன், அக்கடமையைத் தவறவிட்ட வரலாறு அது.

அவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்குக் கணினியின் உள்ளமைப்பை ஓரளவு அறிதல் வேண்டும். கணினியின் நினைவகத்தை ஒரு நீண்ட பண்டசாலையாக உருவகித்துக்கொள்ளலாம். அங்கே எண்ணிட்ட சிற்றறைகள் கோடிக்கணக்கில் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையும் ஒரு பைட்டு, அதாவது ஓர் எழுத்தளவான செய்தியைக் கொள்ளும். இந்த எண்முதல் அந்த எண்வரை இன்ன பொருளுக்கு என்று நிரல்தான் எல்லை வகுத்துக்கொள்கிறது. அறைகளுக்கிடையே சுவர் எதுவும் இல்லை.

இப்பண்டசாலை முழுவதற்கும் ஒரு காப்பாளன் உண்டு. அவனே இயங்குதளத்தின் உட்கரு. கர்னல் என்று பொறியியலாளர் அழைப்பது இதனையே. எல்லா அறைகளின் திறப்புகளும் அவனிடம் உள்ளன. மற்றைய நிரல்கள் யாவும் அவனைக் கேட்டே எதையும் பெறுகின்றன. அவன் சொல்வதை மறுத்துரைக்க அக்கணினியில் வேறொருவரும் இலர்.

வலையமைப்பின் வழியே வரும் செய்திகள் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு வருகின்றன. அவற்றை முதலில் கையேற்பவனும் இக்காப்பாளனே. ஒவ்வொரு பொதியின் மேலும் அதன் நீளம் இவ்வளவு என்று அனுப்பியவர் எழுதியிருப்பார். அவ்வெழுத்தை நம்பிக் காப்பாளன் பத்து அறைகளை ஒதுக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பொதியைப் பிரித்து அடுக்கும்போது அது பன்னிரண்டு அறைகளை நிரப்புமாயின் என்ன நிகழும்? மிஞ்சிய இரண்டும் அடுத்த அறைகளில் இருந்த பொருள்களை அழித்துவிட்டு அங்கே அமரும். அவ்வறைகளில் காப்பாளன் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையின் கட்டளை இருந்திருந்தால், அது அழிந்து, பொதியை அனுப்பியவர் எழுதிய கட்டளை அவ்விடத்தில் நிற்கும். காப்பாளனோ வேறுபாடு அறியாதவன். தன் அறையில் இருக்கும் கட்டளையைத் தன் கட்டளையென்றே எண்ணி நிறைவேற்றுவான். எங்கோ இருக்கும் ஒருவன் கடவுச்சொல் எதுவுமின்றி அக்கணினிக்கு எசமானன் ஆகும் வகை இதுவே. நினைவக எல்லை மீறல் என்று இக்குற்றத்தை அழைப்பர்.

இக்குற்றத்தைத் தடுக்கும் வழி கணினியுலகின் இளமைக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதனைக் கைக்கொண்டவர்களுள் ஒருவர் இலங்கை மண்ணிலே பிறந்தவர். டோனி ஹோர் என்னும் அப்பேரறிஞர் 1934ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி கொழும்பிலே ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் பயின்ற அவர், 1960ஆம் ஆண்டு எலியட் பிரதர்ஸ் என்னும் ஆங்கிலக் கணினி நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கு அல்கோல் 60 என்னும் கணினி மொழிக்கு மொழிமாற்றி அமைக்கும் பணி அவர் தலைமையில் நடைபெற்றது. வரிசையொன்றில் ஏதேனும் ஓர் அறையை நிரல் நாடும் ஒவ்வொரு வேளையிலும், அவ்வறை உண்மையில் அவ்வரிசைக்குள் அடங்குமா என்று இயந்திரமே சோதிக்க வேண்டும் என அவர் விதித்தார். எல்லை கடந்தால் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

அக்காலத்துக் கணினிகள் மெதுவானவை. இச்சோதனைக்குக் காலஞ் செலவாகும். ஆகவே, விரைவை விரும்புவோர் இச்சோதனையை நிறுத்திவைக்க வசதி செய்து தரலாமா என்று பல ஆண்டுகள் கழித்து அந்நிறுவனம் தன் வாடிக்கையாளரைக் கேட்டது. வேண்டாம் என்று அவர்கள் ஒருமித்து விடை பகர்ந்தனர். தங்கள் நிரல்களில் இத்தகைய பிழைகள் எத்துணை மலிந்துள்ளன என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கணினித் துறையின் தலையாய விருதாகிய டியூரிங் விருதை 1980ஆம் ஆண்டு பெற்றபோது நிகழ்த்திய பேருரையில் ஹோர் இச்செய்தியை எடுத்துரைத்தார். வாடிக்கையாளர் உணர்ந்துகொண்ட பாடத்தை மொழிகளை வகுப்போர் அன்றுவரை கற்கவில்லை என்று அவர் கவன்றார். மதிப்புக்குரிய வேறெந்தப் பொறியியல் துறையிலும் இத்தகைய ஆரம்பக் காப்பைக் கைவிடுதல் சட்டவிரோதமாகக் கருதப்பட்டிருக்கும் என்பது அவர் கருத்து.

ஆனால் உலகம் சென்ற திசை வேறு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பார் சி என்னும் மொழியை வகுத்தார். யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உட்கரு 1973ஆம் ஆண்டில் அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. சிறிய நினைவகமும் குறைந்த வேகமும் உடைய இயந்திரங்களில் முழுப் பயனையும் பெறத்தக்கதாக அமைந்த மொழி அது. ஓர் அறைவரிசையின் தொடக்கம் எங்கே என்பதை மட்டும் சி மொழி நினைவிற் கொள்ளும். அதன் முடிவு எங்கே என்பதைக் கவனிக்கும் பொறுப்பை நிரல் எழுதுபவரிடமே விட்டுவிடும். அன்றைய சூழலில் அது நியாயமான முடிவென்றே தோன்றிற்று. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களின் உட்கருக்கள் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்பட்டன. அவற்றோடு அப்பொறுப்பும், அப்பொறுப்பில் மனிதர் தவறும் இயல்பும் பரவின.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1972ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்க விமானப்படைக்கென ஜேம்ஸ் அண்டர்சன் என்பார் கணினிப் பாதுகாப்புப் பற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தார். பயனாளரிடமிருந்து வரும் முகவரிகளை நிரல் முறையாகச் சரிபாராதவிடத்து, இயங்குதளத்தின் பகுதிகளின்மேல் அப்பயனாளர் தம் விருப்பப்படி எழுதிவிட முடியும் என்று அவ்வறிக்கை விளக்கிற்று.

அண்டர்சன் எழுதியதன் பொருளைப் பதினாறு ஆண்டுகளின் பின் எல்லோரும் உணர்ந்தனர். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த றொபேட் மொறிஸ் என்பவர் தாமாகவே பரவும் நிரலொன்றை இணையத்தில் விடுத்தார். அது பரவிய வழிகளுள் ஒன்று, பயனாளர் விபரங்களைத் தெரிவிக்கும் ஒரு சேவை நிரலில் இருந்த குறைபாடு. அந்நிரல் 512 பைட்டு அளவான இடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வரும் செய்தியின் நீளத்தைப் பாராமலே வாங்கிற்று. மொறிஸின் புழுவோ 536 பைட்டு செய்தியை அனுப்பிற்று. மிகுந்த பைட்டுகள் இருபத்துநான்கே. அவையே வாயிலைத் திறந்துவிட்டன. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் சுமார் 6,000 பாதிக்கப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது. மொறிஸுக்கு 1990ஆம் ஆண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் காலமும், 400 மணிநேரச் சமூக சேவையும், 10,050 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இத்தகைய இடர்களை ஒருங்கிணைந்து எதிர்கொள்வதற்கென கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் அதே மாதத்தில் அமைக்கப்பட்டது.

மொறிஸின் புழு புகுந்தது உட்கருவிலன்று. அதன் மேலே இயங்கிய ஒரு சேவை நிரலிலேயே. உட்கருவின் வலையமைப்புப் பகுதியிலேயே இதே குற்றம் உண்டு என்பது 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. பிங் என்பது மைக் மியூஸ் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய சிறு நிரல். ஒரு கணினி மற்றொன்றை நோக்கிக் குரல் கொடுத்து, எதிரொலி வருகின்றதா என்று பார்ப்பதே அதன் வேலை. கடலடியில் ஒலியனுப்பிப் பொருள்களைக் கண்டறியும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. இதைவிடத் தீங்கற்ற நிரலைக் காண்பது அரிது.

இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்து 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான ஆவணத்தின்படி, ஒரு பொதியின் நீளம் 65,535 பைட்டுக்கு மேற்படலாகாது. பெரிய பொதிகளைத் துண்டுகளாக்கி அனுப்பலாம். முழுப் பொதியில் எத்தனையாவது பைட்டிலிருந்து தன் இடம் தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு துண்டும் கூறும். பெறுகின்ற உட்கரு அவற்றை ஒன்றுசேர்க்கும். கடைசித் துண்டு தொடங்கக்கூடிய உச்ச இடம் 65,528. அவ்விடத்தில் தொடங்கும் துண்டு ஏழு பைட்டுக்கு மேல் கொண்டிருத்தல் ஆகாது. ஆனால், அதற்கு மேற்பட்ட பைட்டுகளைக் கட்டி அனுப்புவதை எவரும் தடுக்கவில்லை. உட்கருவோ துண்டின் தொடக்க இடத்தையும் அதன் நீளத்தையும் கூட்டிப் பாராமல், வந்தவற்றையெல்லாம் அடுக்கிற்று. எல்லை கடந்தது, கணினி நின்றது.

மரண பிங் என்று பெயர் பெற்ற இப்பொதியை அனுப்புவதற்குத் தனித்திறமை எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸ் 95 உடன் வந்த சாதாரண பிங் கட்டளையே போதுமாயிருந்தது. விண்டோஸ், மக்கின்டொஷ், யுனிக்ஸ் வகைகள் முதலாக அச்சுப்பொறிகள்வரை பலவகைச் சாதனங்கள் ஒரே பொதியால் வீழ்ந்தன. வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு மனிதர் எழுதிய நிரல்கள் ஒரே இடத்தில் ஒரே கூட்டலைச் செய்ய மறந்திருந்தன. துண்டு தருவோர் விதியை மீறமாட்டார் என்ற எண்ணமே அம்மறதிக்குக் காரணம். திருத்தம் எளிதாயிருந்தது. அடுக்குமுன் கூட்டிப் பார்க்கும்படி ஓரிரு வரிகள் சேர்க்கப்பட்டன.

ஆயினும், ஓர் இடத்தில் திருத்தினால் அவ்விடம் மட்டுமே திருந்தும். 1996இற்குப் பின்பும் வேறு இடங்களில் இதே குற்றம் தலைகாட்டியவண்ணம் இருந்தது. 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில்கூட, விண்டோஸ் உட்கருவின் வலையமைப்பு நிரல் பொதியொன்று கூறும் நீளத்தைத் தவறாகக் கையாண்டமைக்காக மைக்ரோசொப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

இங்கிலாந்தின் வைத்தியசாலைகளை முடக்கிய பிழையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. விண்டோஸ் கணினிகள் தம்முள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்வதற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் முதற் பதிப்பு 1980களைச் சேர்ந்தது. அதனைக் கையாளும் நிரல் விண்டோஸில் உட்கருவின் பகுதியாகவே இயங்கிற்று. ஓஎஸ்/2 என்னும் பழைய இயங்குதளம் கோப்புகளுக்கு இட்ட பண்புப் பட்டியல்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் பணியும் அந்நிரலுக்கு இருந்தது. பட்டியலிற் செல்லாத பதிவு தென்பட்டால், அதற்கு முன்னுள்ள பகுதியை மட்டும் ஏற்று, பட்டியலின் மொத்த அளவைக் குறைத்து எழுதவேண்டும். மொத்த அளவு நான்கு பைட்டு எண்ணாக எழுதப்பட்டிருந்தது. குறைத்து எழுதிய வரியோ அதன் கீழிரு பைட்டுகளை மட்டுமே மாற்றிற்று.

இதனை ஒரு கணக்கேட்டின் துணைகொண்டு விளக்கலாம். ஏட்டில் 10,000 என்று எழுதியிருக்கிறது. அதனை 9,850 என்று குறைக்க வேண்டும். கணக்கர் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் அழித்து அங்கே 9850 என எழுதுகிறார். முன்னிருந்த ஒன்று அப்படியே நிற்கிறது. ஏட்டைப் பார்ப்பவர் 19,850 என்றே வாசிப்பார். குறைய வேண்டிய தொகை ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. விண்டோஸின் உட்கருவிலும் நிகழ்ந்தது இதுவே. இடம் ஒதுக்கப்பட்டது சிறிய அளவுக்கு. பண்டம் அடுக்கப்பட்டது பெரிய அளவுக்கு. எஞ்சியது அயலறைகளிற் பாய்ந்தது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்பி முதலாக விண்டோஸின் பல பதிப்புகளில் இப்பிழை எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது.

எவர் கண்ணிலும் என்று கூறுவதும் பொருந்தாது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவரகம் அதனைக் கண்டறிந்திருந்தது. கண்டறிந்ததோடு நில்லாமல், அதனைப் பயன்படுத்திப் பிறர் கணினியுட் புகும் கருவியொன்றையும் ஆக்கி, எட்டேர்னல் புளூ என்று பெயரிட்டு, தன் உளவுப் பணிக்கெனப் பல ஆண்டுகள் இரகசியமாக வைத்திருந்தது. ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு அப்பிழை தெரிவிக்கப்படவில்லை. பகைவர் கணினிகளில் மட்டுமன்றி, நட்பு நாட்டின் வைத்தியசாலைகளிலும் தன் நாட்டு மக்களின் வீடுகளிலும் அதே வாயில் திறந்தே கிடந்தது.

பின்னர் அக்கருவி களவு போயிற்று. 2017ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி மைக்ரோசொப்ட் திருத்தத்தை வெளியிட்டது. சரியாக ஒரு மாதங் கழித்து, ஏப்ரல் 14ஆந் திகதி, நிழல் தரகர் என்ற பொருள்படும் பெயரைத் தாங்கிய ஒரு கூட்டத்தார் அக்கருவியை உலகறியப் பகிரங்கப்படுத்தினர். அதன்பின் இருபத்தெட்டே நாட்களில் வொன்னாகிரை என்னும் கப்பப் புழு உலகில் இறங்கியது.

அது பரவுவதற்கு மனிதர் எவரும் எதனையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான வாயில் திறந்துள்ள கணினியைத் தேடிச் சென்று, அளவு பிறழ்ந்த பொதியைக் கொடுத்து, உட்கருவின் அதிகாரத்தைப் பெற்று, கோப்புகளைப் பூட்டி, அங்கிருந்து அடுத்த கணினியைத் தேடிற்று. ஏறத்தாழ 150 நாடுகளில் 200,000இற்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன என்று ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பு அறிவித்தது. ஸ்பெயினின் தொலைபேசி நிறுவனமும், பிரான்சின் ரெனோல்ட் மோட்டார் தொழிற்சாலைகளும், ஜெர்மன் புகையிரத நிலையங்களின் அறிவித்தற் பலகைகளும் அதற்குத் தப்பவில்லை.

பிரித்தானியக் கணக்காய்வு அலுவலகம் பின்னர் வெளியிட்ட அறிக்கை வைத்தியசாலைகளின் நிலையை எண்களாற் கூறுகிறது. இங்கிலாந்தின் 236 சுகாதார நிர்வாக அமைப்புகளுள் மூன்றிலொரு பங்கு பாதிக்கப்பட்டது. 595 குடும்ப வைத்திய நிலையங்களும் தொற்றுக்குள்ளாயின. இரத்துச் செய்யப்பட்டனவாகப் பதிவான சிகிச்சை நேரங்கள் 6,912. உண்மைத் தொகை 19,000இற்கு மேற்படும் என மதிப்பிடப்பட்டது. அவசரப் பரிசோதனை இரத்தானோருள், புற்றுநோய் இருக்கக்கூடும் என ஐயுறப்பட்டோர் குறைந்தது 139 பேர். தமக்கு நோய் உண்டா இல்லையா என்பதை அறியக் காத்திருந்த மனிதர் அவர்கள். உட்கரு என்றோ பைட்டு என்றோ அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுடைய காத்திருப்பை நீட்டியது, கடலுக்கப்பால் ஒரு நிரலாளர் எழுதிய ஒரு வரி.

புழு நின்ற விதம் வியப்புக்குரியது. இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இளைஞர் அதனைப் பிரித்து ஆராய்ந்தபோது, ஒவ்வொரு கணினியிலும் அது முதலில் ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். அம்முகவரி எவருக்கும் உரியதாயிருக்கவில்லை. அவர் பத்துச் சொச்சம் டொலர் செலுத்தி அதனைப் பதிவு செய்தார். அம்முகவரியிலிருந்து விடை கிடைத்தால் பூட்டாமல் விலகும்படி புழு எழுதப்பட்டிருந்தது. ஆகவே, அன்றே அதன் வேகம் அடங்கிற்று. அமெரிக்காவும் பிரித்தானியாவும் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாக்குதலுக்கு வடகொரியாவைப் பொறுப்பாளியாக்கின.

அவ்வாயிலோ முற்றாக மூடப்படவில்லை. அதே ஆண்டு ஜூன் 27ஆந் திகதி, நொட்பெட்யா என்னும் மற்றொரு நிரல் உக்ரேன் நாட்டின் கணக்கீட்டு மென்பொருளொன்றின் வழியாகப் புகுந்து, எட்டேர்னல் புளூ கருவியையும் துணைக்கொண்டு பரவிற்று. கப்பம் கேட்பதுபோல் நடித்த அது, உண்மையில் அழிப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. டென்மார்க்கின் மாபெருங் கப்பல் நிறுவனமாகிய மேர்ஸ்க் பத்து நாட்களில் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ நேர்ந்தது. அதன் வலையமைப்பின் மையப் பதிவேடு உலகெங்கும் அழிந்துபோக, கானா நாட்டுக் கிளையில் ஒரே ஒரு பிரதி எஞ்சிற்று. தாக்குதல் நிகழ்ந்த வேளையில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். உலக வாணிபத்தின் பெரும்பங்கைச் சுமக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அன்று கைகொடுத்தது ஒரு மின்வெட்டு.

இத்தீங்குக்குப் பொறுப்பாளர் யார் என்ற வினா எழுவது இயல்பு. புழுவை ஏவியவர்களே முதற் குற்றவாளிகள் என்பதில் ஐயமில்லை. பிழையை அறிந்தும் சொல்லாதிருந்த முகவரகத்தையும் பலர் கண்டித்தனர். இராணுவத்தின் ஏவுகணைகள் களவு போனதற்கு இது ஒப்பானது என்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைவர் பிரட் சிமித் எழுதினார். எனினும், திருத்தம் வெளிவந்து இரண்டு மாதங்கள் ஆகியும் அதனை இட்டுக்கொள்ளாத நிறுவனங்களையும் குறிப்பிடாமல் விடமுடியாது. மார்ச் மாதத்திலும் ஏப்ரல் மாதத்திலும் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. கதிர்ப்படக் கருவியோடு இணைந்த கணினியைத் திருத்துவதாயின் அக்கருவியைச் சிறிது நேரம் நிறுத்தவேண்டும். வெளியே நோயாளர் வரிசை காத்திருக்கும். அத்தகைய இடங்களில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது மனித இயல்பே. அவ்வியல்பின் விலையைப் பிரித்தானிய அரசாங்கம் பின்னர் 92 மில்லியன் பவுண் என மதிப்பிட்டது.

இப்பொறுப்புகள் யாவற்றுக்கும் அடியில் மற்றொன்று கிடக்கிறது. திருத்தம், எச்சரிக்கை, தண்டனை என்பன யாவும் பிழை பிறந்த பின் வருவன. பிழை பிறவாதிருக்க வழியுண்டா என்பதே மூலவினா. நிரலாளர் இன்னுங் கவனமாயிருக்க வேண்டும் என்பது அரை நூற்றாண்டுக் காலம் சொல்லப்பட்டு வந்த விடை. அது போதாது என்பதை எண்கள் காட்டின. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுள் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதாலேயே எழுகின்றன என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. உலகின் தேர்ந்த பொறியியலாளர் பணிபுரியும் நிறுவனத்தின் நிலை இது. மனிதர் எத்துணைக் கவனமுடையவராயினும், இலட்சக்கணக்கான வரிகளில் ஒன்றிலேனும் அளக்க மறப்பர்.

ஆகவே, மறவாத ஒன்றிடம் அப்பணியை ஒப்படைக்கும் முயற்சி மீண்டும் தலையெடுத்தது. மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் முதற் பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் என்னும் மொழி அதற்கு எடுத்துக்காட்டு. அறைவரிசையின் எல்லையைக் கடக்க முயலும் நிரலை அது நிறுத்திவிடும். ஓர் அறையைத் துறந்த பின் அதனை மீண்டும் நாடுதல் போன்ற வேறு பிழைகளை நிரல் இயங்குமுன்னரே கண்டு மறுத்துவிடும். இவற்றையெல்லாம் வேகத்தை அதிகம் இழக்காமலே செய்ய அதனால் முடிந்தது. உட்கருவை எழுதுவதற்கு ஏற்ற மொழியாக அது மதிக்கப்பட்டமைக்குக் காரணம் அதுவே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சி மொழியிலேயே எழுதப்பட்டு வந்த லினக்ஸ் உட்கரு, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பதிப்பில் ரஸ்ட் மொழிக்கும் இடமளித்தது. ஆண்ட்ரொயிட் இயங்குதளத்தில் புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், நினைவகப் பிழைகளால் எழுந்த குறைபாடுகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாயிருந்தது 2024இல் 24 சதவீதமாகக் குறைந்தது எனக் கூகிள் நிறுவனம் தெரிவித்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அலுவலகமொன்று இத்தகைய மொழிகளுக்கு மாறுமாறு அறிக்கை மூலம் வேண்டிற்று.

எனினும், பழைய நிரல்கள் பல கோடி வரிகளாக உலகெங்கும் இயங்குகின்றன. அவற்றையெல்லாம் மாற்றி எழுத நீண்ட காலமும் பெரும் பொருளும் வேண்டும். உட்கருவிலே இயந்திரத்தோடு நேரடியாக உறவாடும் சில இடங்களில் புதிய மொழிகளும் தம் காவலைத் தளர்த்தவே செய்கின்றன. கணக்கிலே பிழை, கருத்திலே பிழை என்பவற்றை எந்த மொழியும் முற்றாகத் தடுத்துவிடாது. அளக்கும் பணியை மட்டுமேனும் மனிதரின் ஞாபகத்திலிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்பதே இதுவரை பெற்ற பயன்.

அதுவும் புதிதாகக் கண்டதன்று. 1960களில், இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிடவும் இயலாத மெதுவான இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நொடியையும் விலைகொடுத்து வாங்கிய எலியட் நிறுவனத்தின் வாடிக்கையாளர், வேகம் குறைந்தாலும் சோதனை இருக்கட்டும் என்றனர். அவர்களுடைய கணக்கில் ஒரு சோதனையின் விலை நொடியின் சிறு பின்னம். அதனை மிச்சப்படுத்திய உலகத்தின் கணக்கில், இங்கிலாந்தின் சுகாதார சேவைக்கு மட்டும் அதன் விலை 92 மில்லியன் பவுணும் பத்தொன்பதாயிரம் நோயாளரின் காத்திருப்பும் ஆயிற்று.